எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது இருக்கட்டும், பாலம் ஏறுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த மின்சார சைக்கிள் கட்டுரையைப் படித்தேன். விலை, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை வாட், லைசென்ஸ் தேவையா இல்லையா எல்லாம் விவரமாக இருந்தது. ஏற்றத்தைப் பற்றி மட்டும், மேட்டிலும் சிரமமில்லாமல் போகும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பிப் பணம் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய பேர் என்பதால்தான் இந்தக் கடிதம். பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டாரோடு இப்போது சைக்கிள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டாரும் பட்டறைக்கு வர ஆரம்பித்திருக்கிறது.

வடசென்னையில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். மலை இல்லை, ஆனால் ரயில் பாதை ஊரைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டுகிறது, அதனால் எங்கே போனாலும் ஒரு பாலம் ஏற வேண்டும் அல்லது ஒரு சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். காசிமேட்டில் மீன் எடுத்து ஐஸ் பெட்டியோடு பெரம்பூர் பக்கம் போகிறவருக்கும், தண்ணீர் கேன் போடுகிற பையனுக்கும் பேசின் பிரிட்ஜும் மின்ட் மேம்பாலமும் முரசொலி மாறன் மேம்பாலமும்தான் மலை. இவர்கள் யாரும் வெறும் சைக்கிளில் போவதில்லை, பாரத்தோடு போகிறார்கள். பாலத்தையும் பாரத்தையும் சேர்த்து யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதே இல்லை.

கணக்கு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆள் 70 கிலோ, சைக்கிள் 25 கிலோ, பாரம் 55 கிலோ, மொத்தம் 150 கிலோ. 20 அடிக்கு ஒரு அடி ஏறுகிற சரிவு என்று வைத்துக்கொள்வோம். இதில் மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏற, எடையைத் தூக்க மட்டுமே 510 வாட் வேண்டும், காற்றும் டயர் உராய்வும் தனி. பதிவெண், லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட வேண்டுமானால் சட்டப்படி மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து கொடுக்கும் சக்தி 250 வாட்டுக்குள்தான் இருக்க வேண்டும், வேகமும் 25-க்குள். அந்த 250 வாட்டில் இதே பாரம் 12 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறும், பாரத்தை இறக்கிவிட்டு ஆள் மட்டும் போனால் 19 வரும். கடையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது எப்போதுமே வெறும் சைக்கிளைத்தான், அதுவும் தட்டையான தெருவில்.

வேகம் குறைந்தால் என்ன, மெதுவாகப் போகட்டுமே என்று தோன்றும். ஹப் மோட்டாரில் அங்கேதான் சிக்கல். மோட்டார் சுற்றும்போது தானே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கும், வேகமாகச் சுற்றச் சுற்ற அது கூடும், உள்ளே வருகிற கரண்டை அதுதான் அடக்கி வைக்கிறது. 26 இஞ்ச் சக்கரம் 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 சுற்று சுற்றும், 10 கிலோமீட்டருக்கு இறங்கினால் 80 சுற்றுதான். சுற்று குறைந்ததும் அந்த எதிர்ப்பும் குறைந்துவிடும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர் எவ்வளவு விடுமோ அவ்வளவு ஆம்பியரும் காயிலில் பாயும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. சக்கரம் நின்றேவிட்டால் இன்னும் மோசம், வேலையே நடக்காது, வந்ததெல்லாம் சூடுதான். சங்கிலியும் கியரும் வழியாக இழுக்கிற நடு மோட்டார் என்றால் கியரைக் குறைத்து மோட்டாரை அதன் வேகத்தில் சுற்ற விடலாம். மோட்டார் பூட்டின மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் பாலத்தடியில் முதல் கியருக்கு வருகிறாரே, அதே வேலைதான். சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஹப் மோட்டாருக்கு மாற்ற கியர் கிடையாது. கியர் ஹப் என்று விற்பதிலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு விகிதம்தான், ஆனாலும் அதில் மோட்டார் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால், எடை குறைவாக இருந்தும் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும்.

பட்டறைக்கு வரும் மோட்டாரைத் திறந்தாலே கதை தெரிந்துவிடும். பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, மேக்னட் பிடித்து வைத்திருக்கிற ஸ்டேட்டரை, அதாவது காயில் சுற்றியிருக்கிற நடுப்பாகத்தை, மெல்ல இழுத்து எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் விரல் நசுங்கும். நல்ல காயில் செம்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். பாரத்தோடு பாலத்தில் திணறித் திணறி ஏறின மோட்டாரில் வார்னிஷ் கருகின நாற்றம்தான் முதலில் வரும். சிலவற்றில் மூன்று பேஸ் காயிலில் இரண்டு மட்டும் கறுத்து, ஒன்று புதிது போலவே இருக்கும். சக்கரம் சுற்றாமல் நிற்கும்போது கைப்பிடியில் இருக்கிற த்ராட்டிலை முறுக்கிப் பிடித்தால் கரண்ட் அந்த இரண்டிலேயே நின்றுகொண்டிருக்கும், அதனால் வருவது. கியர் ஹப் என்றால் உள்ளே இருக்கிற நைலான் பல்சக்கரங்களின் பல் மழுங்கியிருக்கும். காயிலைப் புதிதாகக் கட்டிவிடலாம், ஆனால் அந்தச் சூட்டில் மேக்னட்டின் பலமும் குறைந்திருந்தால் பழைய இழுவை திரும்ப வராது. இதைச் சொன்னால் வாடிக்கையாளர் நம்புவதில்லை, நாம் சரியாகக் கட்டவில்லை என்கிறார். வாங்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி ஓட்டியிருப்பார், இல்லை வேறு வண்டி வாங்கியிருப்பார்.

இன்னொன்று. பாலத்து நடுவில் வண்டி செத்துப்போனால் எல்லாம் மோட்டார் கோளாறு இல்லை. இறங்கி இரண்டு நிமிடம் நின்றுவிட்டு சுவிட்சைப் போட்டால் திரும்ப ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரிதான். 36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் இருக்கும், 31 பக்கம் இறங்கினால் கன்ட்ரோலர் நிறுத்திவிடும். பழசான பேட்டரியில் சார்ஜ் பாதி இருப்பதாகக் காட்டினாலும், ஏற்றத்தில் ஒரேயடியாக ஆம்பியர் இழுத்ததும் வோல்டேஜ் சடாரென்று விழும், பாரம் நீங்கியதும் மீண்டுவிடும். பாலம் பேட்டரியைத் தின்றுவிடுகிறது என்று சிலர் சொல்வது சரியில்லை. 150 கிலோவை 7 மீட்டர் உயரம் தூக்க 3 வாட் அவரை ஒட்டித்தான் செலவு, 36 வோல்ட் 10 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பதோ 360.

மலைக்கே போகலாம் என்கிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். அதே 150 கிலோவுக்கு எந்த நட்டமும் இல்லாமல் பார்த்தாலே 490 வாட் அவர் வேண்டும், அந்தப் பேட்டரி பாதி வழியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதே கஷ்டம். விளம்பரத்தில் 60 கிலோமீட்டர் போகும் என்று போட்டிருப்பது எந்தச் சாலைக்கு என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். பாலத்தடியிலேயே வேகம் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், ஏறும்போது மிதியுங்கள். சாதாரண ஆள் கொஞ்ச நேரத்துக்கு 100 வாட் கொடுக்க முடியும், 250-க்கு அது பெரிய உதவி. நடுப்பாலத்தில் டிராஃபிக்கில் நின்றுவிட்டால் த்ராட்டிலை மட்டும் நம்பிக் கிளம்பாமல் காலால் உந்திவிட்டு அப்புறம் முறுக்குங்கள். பாரம் ஏற்றுவதற்காகவே வாங்குகிறவர்கள் 20 இஞ்ச் சக்கரம் பாருங்கள், அதே மோட்டார் 26 இஞ்ச்சைவிட 1.3 மடங்கு இழுக்கும், வேகம்தான் குறையும். ஸ்பீடு வைண்டிங் கட்டித் தாருங்கள் என்று கேட்டு வருகிற பையன்களிடம் நான் சொல்வதும் இதுதான், காயிலில் கம்பிச் சுற்றைக் குறைத்தால் வேகம் வரும், அதே ஆம்பியரில் இழுவை போகும். மழை நாளில் ஜீவா சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தேங்கின தண்ணீருக்குள் இறக்கவே இறக்காதீர்கள். ஆக்சில் வழியாக வயர் நுழைகிற இடத்தில் தண்ணீர் உள்ளே போனால், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டுகிற ஹால் சென்சாரிலிருந்து பேரிங் வரை போய்விடும்.

கம்பெனிகளிடம் கேட்பது ஒன்றுதான். வாட்டையும் கிலோமீட்டரையும் போடுகிற அதே இடத்தில், எத்தனை கிலோ பாரத்தோடு, எவ்வளவு சரிவில், என்ன வேகத்தில், எத்தனை நிமிடம் தொடர்ந்து ஏறும் என்று அச்சடியுங்கள். சரிவை டிகிரியில் போட்டால் பக்கத்திலேயே சதவீதமும் போடுங்கள், 7 டிகிரி என்பது 12 சதவீதம், படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மின்சார சைக்கிளைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் அதைக் கடற்கரைச் சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். கேரியரில் 50 கிலோ அரிசி மூட்டையைக் கட்டி, பேட்டரியைப் பாதிக்கு இறக்கி, பெரம்பூர் மேம்பாலத்துக்குக் கொண்டு வரட்டும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, அங்கிருந்து கிளம்பிப் பார்த்து, மேலே போனதும் மோட்டார் மூடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதட்டும்.

இப்படிக்கு,
காயில் கட்டும் வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.