கட்டுரையாளரின் கோட்டும் ஆலயத்துக்கு வருவோரின் உடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வழிபாடு குறித்து வெளிவந்த கட்டுரையில், “ஆண்டவர் அகத்தைப் பார்க்கிறவர் என்று இயேசுவே சொல்லிவிட்ட பிறகு, ஆலயத்துக்கு என்ன உடுத்தி வருகிறோம் என்று கவலைப்படுவது பழைய தலைமுறையின் பொழுதுபோக்கு” என்று ஒரு வரி இருந்தது. பழைய தலைமுறையைச் சேர்ந்த எனக்கு என் பொழுதுபோக்கு இன்னதென்று தெரிவித்த கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. கட்டுரைக்கு மேலே இருந்த படத்தில் அவர் கோட்டும் டையுமாகக் காட்சி தருகிறார். வாசகர்களுக்கு அகத்தைப் பார்க்கும் வரம் இல்லை என்பதால் அந்த ஏற்பாடு போலும்.

அந்த வசனம் இயேசு சொன்னதன்று. 1 சாமுவேல் 16:7இல் இருப்பது. ஈசாயின் மகன் எலியாபின் தோற்றத்தைக் கண்டு, அரசனாக வேண்டியவன் இவன்தான் என்று சாமுவேல் எண்ணியபோது கடவுள் அவரைத் தடுத்துச் சொன்னது அது. அங்கே பேச்சு ஓர் ஆளின் உயரத்தையும் தோற்றத்தையும் பற்றியதே தவிர, வழிபட வருபவர் எப்படி வரலாம் என்பதைப் பற்றியது அல்ல. எரியும் முட்புதரின் முன் மோசேயின் காலணிகளைக் கழற்றச் சொன்னவரும் (விடுதலைப் பயணம் 3:5) அதே அகத்தைப் பார்க்கும் கடவுள்தாம். அன்று அவர் காலையும் பார்த்தார். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்த ஒருவரின் மேசையைத் தாண்டி அந்த வரி எப்படி அச்சேறியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நல்ல உடை என்றால் விலையுயர்ந்த உடை என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். ஆலயத்தில் காணிக்கை எடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். கட்டட வேலை முடித்து நேரே மாலைத் திருப்பலிக்கு வரும் முதியவர் ஒருவர், வாசலுக்கு வெளியே நின்று, சுருட்டியிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, அதன் பிறகே உள்ளே காலெடுத்து வைப்பார். சட்டையில் சிமென்ட் படிந்திருக்கும். அவரைப் பின்வரிசைக்குக் கைகாட்டிய அதே வரவேற்புக் குழுவினர், அரைக்கால் சட்டையும் குளிர்கண்ணாடியுமாக வந்த நன்கொடையாளரை முதல் வரிசையில் அமர்த்தியதையும் பார்த்திருக்கிறேன். யாக்கோபு தம் திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் கண்டித்தது இதைத்தான். அந்த இருவரில் உடையைப் பற்றிக் கவலைப்பட்டவர் எவர் என்பதைக் கட்டுரையாளர்தாம் சொல்லவேண்டும்.

இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. உடை பற்றிப் பீடத்திலிருந்து பேச்சு எழும்போதெல்லாம் அது பெண்களை நோக்கியே எழுகிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பெண்கள் முக்காடிட்டு அடக்கமாக உடுத்தவேண்டும் என்றபோதே, ஆண்கள் தலையை மூடாமல் இருக்கவேண்டும் என்றும் சொன்னது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் முக்காட்டு விதி இல்லை. ஆனாலும் பெண்களுக்கான அறிவுரை மட்டும் நிற்கவில்லை. மார்பில் எழுத்து மின்னும் பனியனோடு வாசகம் வாசிக்க வரும் இளைஞரிடம் யாரும் ஒரு சொல் சொல்வதில்லை.

உடையோடு முடிந்தாலும் பரவாயில்லை. சென்ற ஞாயிறு எனக்கு முன்னால் நற்கருணை வாங்க நின்றவரின் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், அக்குளில் இடுக்கிக்கொண்டார், ஒற்றைக் கையை நீட்டினார். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், அரசரை வரவேற்கும் வலக் கைக்கு இடக் கையை அரியணையாக்குங்கள் என்று கற்பித்தார். இவருடைய இடக் கைக்கு வேறு வேலை இருந்தது. நற்கருணைக்கு முன் நள்ளிரவு முதல் நோன்பிருந்த காலம் போய், 1957இல் அது மூன்று மணி நேரமாகி, 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. அந்த ஒரு மணி நேரத்தைக்கூடக் காக்காமல் வாயில் சூயிங்கத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். திருமணத் திருப்பலி என்றால் கேட்கவே வேண்டாம்: குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது வீடியோக்காரர் பீடத்துக்கு முதுகைக் காட்டி நிற்க, மக்கள் விளக்கு வெளிச்சத்தில் அவருடைய முதுகையே ஆராதிக்கிறார்கள். திருவிருந்து முடிந்ததும், இறுதி ஆசிக்குக் காத்திராமல், வண்டி எடுக்க ஓடுகிறவர்களைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். தாங்கள் அதை வெளியிட்டீர்கள். ஓடுகிறவர்களைப் பற்றிய பத்தியை மட்டும் நீக்கிவிட்டு.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வசனம் 1 சாமுவேல் 16:7இல் உள்ளது, நற்செய்தியில் அன்று, என இரண்டு வரித் திருத்தம் அடுத்த இதழில் வந்தால் போதும். பக்கத்தில் இடம் மிஞ்சினால், திருப்பலி தொடங்குமுன்பே ஆலயத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைதி காப்பது நல்லது என்று கூறும் திருப்பலி நூலின் பொது விதிமுறை 45ஆம் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். வழக்கம்போல் இக்கடிதத்தைச் சுருக்குவதானால் எனக்கு மறுப்பில்லை. அதிகார எண்ணையும் வசன எண்ணையும் மட்டும் விட்டுவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்