ரெப்போ அட்ரஸை மெஷினே தேடி எடுக்கட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கொம்பியூட்டர் லாப்புகளுக்கு லினக்ஸ் சேர்வர் போட்டுக் குடுக்கிற வேலை செய்யிறன். மெஷின் குடுக்கிற ஆக்கள் எல்லாம் தானாவே இன்ஸ்டோல் ஆகட்டும் எண்டு ஒரு கிக்ஸ்டார்ட் ஃபைலோ ப்ரீசீட் ஃபைலோ பென்டிரைவில போட்டுத் தருவினம், நல்ல விசயம்தான், ஆனா பாக்கேஜை, அதாவது இன்ஸ்டோல் பண்ணுற சொஃப்ட்வெயர் பொதிகளை, எங்கயிருந்து இறக்கிறது எண்ட ரெப்போ அட்ரஸ் அதுக்குள்ள ஒண்டே ஒண்டுதான் எழுதிக்கிடக்கும். கொழும்பில ஃபைபர் லைன்ல டெஸ்ட் பண்ணேக்க ஓடியிருக்கும். ஒட்டுசுட்டான்லயோ துணுக்காயிலயோ டொங்கிள் சிக்னல்ல ஓட விட்டால் பாதியில நிண்டுடும், பேந்து முதல்ல இருந்து தொடங்க வேணும், டேட்டாவும் போச்சு.

லைன் நல்லா இருந்தாலும் அட்ரஸ் செத்துப்போகும். சென்ட்ஓஎஸ் எண்ட லினக்ஸின்ர 8ஆம் வேர்ஷனுக்கு அப்டேட் குடுக்கிறது 2021 டிசம்பரோட முடிஞ்சுது, 7ஆம் வேர்ஷனுக்கு 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுது, மிரர்களின்ர (பாக்கேஜுகளின்ர நகல் வச்சிருக்கிற சேர்வர்களின்ர) பட்டியல் தாற பழைய மிரர்லிஸ்ட் அட்ரஸும் நிண்டுபோய் பாக்கேஜெல்லாம் பழசுகளைச் சேத்து வைக்கிற வோல்ட் எண்ட இடத்துக்குப் போட்டுது. பழைய அட்ரஸை நேரா எழுதி வச்ச ஃபைலை இப்ப ஓட விட்டால் ஸ்கிரீன்ல ஹோஸ்டைக் காணேல்ல எண்டு எரர் வரும், அதைப் பாத்து மெஷின் பழுது எண்டு நினைச்சு துணியால மூடி வச்ச லாப்புகளை நான் கண்டிருக்கிறன். மெஷின்ல ஒரு பழுதும் இல்லை ஐயா.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கிக்ஸ்டார்ட்டில இன்ஸ்டோல் தொடங்க முதல் ஓடுற ப்ரீ எண்ட பகுதி ஒண்டு இருக்கு. அதில ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, முதல்ல லாப்புக்குள்ள இருக்கிற லோக்கல் சேர்வரைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, பதில் வந்தால் அந்த அட்ரஸ், வராட்டி வெளி மிரர், எது கிடைச்சுதோ அதை டெம்ப் ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைலா எழுதி வைக்கும், மெயின் ஃபைல் அதை இன்க்ளூட் எண்டு ஒரு வரியில இழுத்துக்கொள்ளும். வேர்ஷன் நம்பரையும் ஆர்க்கிடெக்சரையும் (புரொசசர் வகையையும்) வேரியபிளா வச்சால் அடுத்த வேர்ஷனுக்கும் அநேகமா அதே ஃபைல் போதும். ஒரு விசயம், பழைய ரெட் ஹாட் வேர்ஷன்களில ப்ரீ ஓடுற நேரம் சேர்வர் பேரை ஐபி நம்பரா மாத்திற டிஎன்எஸ் வேலை செய்யாது, பேரைப் போடாமல் ஐபி நம்பரையே போட வேணும். உபுண்டு லினக்ஸின்ர தானா இன்ஸ்டோல் பண்ணுற வசதியான ஆட்டோஇன்ஸ்டோல்ல மிரர்களை வரிசையா குடுத்து, ஒண்டும் கிடைக்காட்டி ஒஃப்லைனா இன்ஸ்டோல் பண்ணு எண்டு சொல்லவே வசதி இருக்கு, ஏன் ஆரும் பாவிக்கேல்ல எண்டு தெரியேல்ல.

இன்னொரு இடத்திலயும் கன பேர் மாட்டுப்படினம். கிக்ஸ்டார்ட்டில ரெப்போ எண்டு எழுதுறது இன்ஸ்டோல் நடக்கிற நேரத்துக்கு மட்டும்தான், இன்ஸ்டோல் எண்ட ஒப்ஷனையும் சேத்துக் குடுத்தால்தான் முடிஞ்ச பிறகும் சேர்வரில இருக்கும். இல்லாட்டி முதல் அப்டேட்டிலயே அது திரும்ப வெளிநாட்டு மிரரைத் தேடி ஓடும். உபுண்டு 24.04ல ரெப்போ அட்ரஸ் எழுதி வைக்கிற சோர்சஸ் ஃபைலின்ர இடமும் எழுதுற முறையும் மாறிட்டுது, பழைய ஸ்கிரிப்ட்டை அப்பிடியே கொப்பி பண்ணுற ஆக்கள் அதையும் பாருங்கோ.

லோக்கல் மிரர் எண்டால் பாதுகாப்பில்லை எண்டு சில அதிகாரிகள் சொல்லினம், அது சரியில்லை. பாக்கேஜுகளோ அதுகளின்ர பட்டியலோ ஜிபிஜி கீ எண்ட டிஜிட்டல் முத்திரையால சைன் பண்ணித்தான் வருகுது, இடையில ஆராவது கை வச்சால் செக் பண்ணேக்க பிடிபடும். எரர் வருகுது எண்டு அந்த செக்கை நிப்பாட்டி விடுறதுதான் ஆபத்து, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ.

ஒரு லாப்பில 30 மெஷின் எண்டால் ஒரே பாக்கேஜை 30 தரம் இன்டர்நெட்டில இருந்து இறக்கிறது என்ன நியாயம்? உபுண்டு மாதிரி லினக்ஸ் எண்டால், ஒரு பழைய டெஸ்க்டொப்பில இறக்கின பாக்கேஜைச் சேமிச்சு வைக்கிற ஆப்ட் கேச்சர் போட்டு விட்டால் ஒருக்கா இறங்கினது மற்ற 29க்கும் உள்ளுக்கையே போகும். அறிவியல் நகரில எஞ்சினியரிங் பீடம் இருக்கு, வவுனியாவில 2021ல இருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கு. இந்த ரெண்டு இடத்திலயும் ஒவ்வொரு மிரர் வச்சு வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குத் திறந்து விட்டால் எவ்வளவு உதவி.

மெஷின் வாங்கிக் குடுக்கிற ஆக்களிட்ட கேக்கிறது இதுதான், டெண்டரில ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு எண்டு எழுதுற இடத்தில, ரெப்போ அட்ரஸ் இன்ஸ்டோல் நேரத்தில தானா தெரிவாக வேணும் எண்டு ஒரு வரியையும் சேருங்கோ. ஸ்கிரிப்ட் எழுதித் தர காசு வேண்டாம், மாங்குளத்தில நாங்கள் சில பேர் இருக்கிறம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்