கருத்த இடமும் வெளிறிய இடமும்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுப் போனில் நீ கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. கனடாவில் 2018-லேயே கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்துவிட்டார்கள், ஹெராயின் மாதிரி மூச்சு நின்று யாரும் சாவதில்லை, அப்புறம் என்ன பயம் என்றாய். பார்மகாலஜி (மருந்தியல்) வாத்தியார் மகன் கேட்க வேண்டிய கேள்விதான். நீ சொன்னதில் உண்மை இருக்கிறது. அதற்கான காரணம் தெரிந்தால் மிச்சமும் உனக்குப் புரியும்.

1990-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் மைல்ஸ் ஹெர்கன்ஹாம் குழு மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டியது. நரம்பு செல்லின் மேல் கஞ்சா போய் ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அதில் ஒட்டும் ஒரு செயற்கை மருந்தில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, அதில் சீவலை ஊறவைத்து, ஃபிலிமோடு ஒட்டி வைத்தார்கள். ஏற்பி நெருக்கமாக உள்ள இடத்தில் கதிர் அதிகம் பட்டு, ஃபிலிமில் கருத்து விழும். எலி, நாய், குரங்கு, மனிதன் என்று எதன் மூளையைப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்.

வகுப்பில் அந்த மாதிரி எலி மூளைப் படத்தைக் காட்டுவேன். பின்பக்கம் சிறுமூளை மடிப்புகளின் வெளி ஓரமெல்லாம் கறுப்புக் கரை. நடுவில், நினைவுக்கான பகுதியான ஹிப்போகேம்பஸ் வளைந்து கருத்திருக்கும். எல்லாவற்றையும்விடக் கருப்பு, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. கீழே மூளைத்தண்டில், மூச்சையும் இதயத்தையும் கவனிக்கும் பகுதியோ வெளிறிக் கிடக்கும். கஞ்சாவில் மூச்சு நிற்காததற்குக் காரணம் அந்த வெளிறல்தான். ஹெராயின் போய் ஒட்டும் ஓபியாய்டு ஏற்பிகள் அங்கே நிறைய உண்டு, அதனால்தான் ஹெராயின் கொல்கிறது.

ஆனால் தம்பி, நீ வெளிறிய இடத்தை மட்டும் பார்க்கிறாய். கருத்த இடங்களில் இந்த ஏற்பி, செய்தி அனுப்பும் நரம்பு முனையில் உட்கார்ந்திருக்கிறது. செய்தி வாங்கும் செல், தன் சவ்வின் கொழுப்பிலிருந்தே ஒரு பொருளைச் செய்து எதிர்த்திசையில் அனுப்பும். கேட்பவர் பேசுபவரிடம் ‘போதும், மெல்லச் சொல்லுங்கள்’ என்பது மாதிரி. தேவையான நேரத்தில், தேவையான இணைப்பில் மட்டும் நடந்து, சட்டென்று முடிந்துவிடும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி-க்கு (THC) அந்த நிதானம் கிடையாது. ஏற்பி இருக்கும் இடமெல்லாம் ஒரே நேரத்தில் போய், மணிக்கணக்கில் தங்கும். புகைத்தவன் பாதிப் பேச்சில் என்ன சொல்ல வந்தோம் என்று தடுமாறுவது அதனால்தான், புது நினைவைப் பதிகிற வேலை ஹிப்போகேம்பஸுடையது.

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் புறணியிலும் இந்த ஏற்பி உண்டு. அந்தப் பகுதி முதிர்ந்து முடிய இருபத்தைந்து வயது வரை ஆகும். உனக்கு இப்போதுதான் இருபத்தொன்று. அங்கே இணைப்புகள் சீராவதில் இதே அமைப்புக்கும் பங்கு இருக்கிறது. என் கவலையெல்லாம் அங்கேதான், மூச்சைப் பற்றி இல்லை.

திட்டுவதற்காக எழுதவில்லை. நண்பர்கள் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒருவேளை தொட்டுவிட்டால் அன்றைக்குக் கார் சாவியைத் தொடாதே. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பரீட்சை முடிந்ததும் எனக்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா