ஏறும் வேகத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு வார வெளியீட்டின் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவன் நான். அண்மையில் அதில் வந்த கட்டுரையொன்று, இன்னும் சில ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளிலிருந்து மறைந்துவிடும், தலையில் மாட்டிக்கொண்டு படம் பார்க்கும், வி.ஆர். எனப்படும் மெய்நிகர்க் கண்ணாடி அதன் இடத்தைப் பிடிக்கும், கிராமத்து வீடுகளுக்கும் அது விரைவில் வந்து சேரும் என்று உற்சாகத்தோடு சொல்லியிருந்தது. உற்சாகத்தில் எனக்கும் குறைவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக, முத்தையன்கட்டு வாய்க்கால் ஓடும் பக்கத்தில், தொலைக்காட்சியும் ரவுட்டரும் திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தும் எனக்குப் புதிய சாமான் எது வந்தாலும் அதைக் கழற்றிப் பார்க்கும் வரை நித்திரை வராது. வி.ஆர். கண்ணாடி ஒன்றும் என் வீட்டில் இருக்கிறது. ஆனால் கட்டுரையாளர் மனதில் வைத்து எழுதிய வீடு எங்கள் பக்கத்து வீடு அல்ல. வன்னி வீட்டின் குறை திரையில் இல்லை; அந்த வீட்டிலிருந்து வெளியே போகும் இணையப் பாதையில் இருக்கிறது என்பதையே இக்கடிதத்தில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கண்ணாடியைப் பற்றி. 2023 ஒக்டோபரில் சந்தைக்கு வந்த மெற்றா குவெஸ்ட் 3 ஒன்றைக் கனடாவிலிருக்கும் தம்பி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தான். கூடவே, நாலாபக்கமும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும் சிறிய கமரா ஒன்றையும் தந்துவிட்டுப் போனான். முழங்கால் நோவால் அம்மாவுக்கு இரண்டு வருடமாக வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குப் போக முடியவில்லை. ஆகவே நான் கோயில் வெளிவீதியில் நின்று பத்து நிமிடம் படம்பிடித்து வந்து, அம்மாவை விறாந்தைக் கதிரையில் இருத்தி, கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவர் கைகளைத் தலைக்கு மேலே குவித்துக் கும்பிட்டார். நெரிசலில் ஒருவர் முட்டவருவது போலத் தெரிந்ததும் உடம்பை ஒடுக்கி வழிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஐந்தாறு நிமிடத்தில், பக்கத்தில் இருந்த பேத்திக்கு ஏதோ சொல்லத் திரும்பியவர் அங்கே அறியாத முகங்களைக் கண்டு, "பிள்ளையள் எல்லாம் எங்கயடா? ஒருத்தரையும் காணேல்லையே" என்று கேட்டு, கண்ணாடியைத் தானாகவே கழற்றிவிட்டார். பிறகு அதே படத்தை 43 அங்குலத் தொலைக்காட்சியில் போடச் சொன்னார். அதில் ஆட்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டி, இன்னாரின் மருமகள், இன்னார் மெலிந்துபோனார் என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்ட முதலாவது விடயம் இதுதான். எங்கள் வீடுகளில் தொலைக்காட்சி ஒரு திரை மட்டுமல்ல, அதைச் சுற்றி இருக்கும் ஆட்களும் சேர்ந்ததே தொலைக்காட்சி. போர்க் காலத்தில் வன்னியில் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஒரு வீட்டில் ஜெனரேற்றர் இயங்கி, முற்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கப்பட்டால் ஒழுங்கை முழுவதும் பாயோடு வந்துவிடும். ஜெனரேற்றரின் சத்தத்தில் படத்தில் பேசுவது பாதிதான் கேட்கும். மீதியை ஏற்கெனவே பார்த்தவர் ஒருவர் எடுத்துச் சொல்லுவார். அந்தப் பழக்கம் மின்சாரம் வந்த பின்னரும் முழுமையாகப் போய்விடவில்லை.

இரண்டாவது, படத்தின் தெளிவு. கண்ணாடிக்குள் நூறு அங்குலத் திரை விரியும் என்று கட்டுரை சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தத் திரை எத்தனை புள்ளிகளால் ஆனது என்பதை அது சொல்லவில்லை. குவெஸ்ட் 3 பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 25 புள்ளிகளைக் காட்டுகிறது. நல்ல பார்வையுள்ள மனிதக் கண்ணோ ஒரு பாகையில் 60 புள்ளிகள் வரை பிரித்தறியக்கூடியது. ஆகவே கண்ணாடிக்குள் 60 பாகை அகலத்துக்கு ஒரு திரையை விரித்தால் அதன் குறுக்கே விழுவன சுமார் 1,500 புள்ளிகளே. அறையில் நிற்கும் சாதாரண முழு எச்.டி. தொலைக்காட்சியில் 1,920 உள்ளன. நான் கோயிலில் எடுத்த படத்தின் நிலைமை இதைவிட மோசம். 4கே என்று கமராவின் பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், 3,840 புள்ளிகள் சுற்றிவர 360 பாகைக்கும் பங்கிடப்படுவதால், கண்ணுக்கு முன்னால் தெரியும் நூறு பாகைக்குள் ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே வந்து சேர்கின்றன. மேலும் அந்தக் கண்ணாடி 515 கிராம் நிறையுடையது. எங்கள் வெயிலில் அதை அரை மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தால் நெற்றி வியர்த்து, வில்லையில் ஆவி படிந்துவிடும். 2014 இல் வி.ஆர். கண்ணாடி செய்யும் ஒக்குலஸ் நிறுவனத்தைப் பேஸ்புக் ஏறத்தாழ 200 கோடி டொலருக்கு வாங்கியபோதும், 2024 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் 3,499 டொலர் விலையில் தன் விஷன் புரோ கண்ணாடியை இறக்கியபோதும், இனித் தொலைக்காட்சிக்கு வேலையில்லை என்றே பேசப்பட்டது. 2010 அளவில் முப்பரிமாணத் தொலைக்காட்சி வந்தபோது கேட்டதும் இதே பேச்சுத்தான். 2017 உடன் சோனியும் எல்ஜியும் அதைக் கைவிட்டன. அதற்குத் தந்த கறுப்புக் கண்ணாடிகள் இரண்டு இன்னும் என் கடை லாச்சியில் கிடக்கின்றன.

தொலைக்காட்சிகளின் 4கே போட்டியிலும் எனக்கு அதிக நம்பிக்கையில்லை. 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர். ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால் அந்தப் புள்ளிகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. எங்கள் வீடுகளில் சுவரிலிருந்து கதிரை வரை பத்தடி இருக்கும். அத்தொலைவில் 4கே திரையின் பயன் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாயின், பெட்டி 77 அங்குலமளவு பெரிதாக இருக்க வேண்டும். சென்ற மாதம் ஒருவர் புதிதாக வாங்கிய 55 அங்குல 4கே தொலைக்காட்சியை மோட்டார் சைக்கிளில் மகனை அணைத்துப் பிடிக்கச் சொல்லி ஏற்றி வந்து, "பழைய பெட்டியில் வந்த படம்கூட இதில் வருகுதில்லை" என்று குறைப்பட்டார். பெட்டியில் பழுது எதுவும் இருக்கவில்லை. அவருடைய டிஷ்ஷில் வரும் அலைவரிசைகள் பெரும்பாலானவை இன்னும் படத்துக்கு 576 கிடைவரிகளில்தான் வருகின்றன. சிறிய திரையில் ஒளிந்திருந்த மங்கலைப் பெரிய திரை விரித்துக் காட்டிவிட்டது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்திலும் அதே 576 வரிகள்தான். அன்ரெனா ஒளிபரப்பை எண்மியத்துக்கு (டிஜிட்டலுக்கு) மாற்றுவதற்கு ஜப்பானிய முறையைப் பின்பற்றுவதென்று 2014 இல் முடிவானது; அது நடைமுறைக்கு வந்திருந்தால் இந்த மனிதர் கட்டணம் எதுவுமில்லாமலே தெளிவான படத்தைப் பார்த்திருப்பார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, இணையத்தில் 4கே பார்க்கலாமா என்பது. பார்க்கலாம், ஆனால் செக்கனுக்கு 15 மெகாபிட் ஓட வேண்டும், மணிக்கு ஏறத்தாழ 7 ஜி.பி. போகும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்குப் பதினேழு ஜி.பி. என்றால், பகலுக்கு 40 ஜி.பி. தரும் மாதப் பொதியில் இரண்டு படத்தோடு கதை முடிந்தது. மீதி டேட்டாவை நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். மாடு கட்டி, வயலுக்கு விடிய எழும்பும் குடும்பத்துக்கு அது யாருக்காகத் தரப்பட்ட சலுகை என்று எனக்கு விளங்குவதில்லை.

இனி நான் உண்மையில் எழுத வந்த விடயம். சென்ற வருடம் எங்கள் பெரியம்மா காலமானார். பிள்ளைகளில் இருவர் கனடாவிலும் ஒருவர் சுவிற்சர்லாந்திலும் இருக்க, ஒருவராலும் உடனடியாக வர முடியாத நிலையில், மரணச்சடங்கை நேரலையாகக் காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. இப்பொழுது வன்னியில் இது பந்தலும் பறையும் போல ஒரு வழமையாகிவிட்டது. வீட்டில் இருந்த 4ஜி இணைப்பை முதல்நாள் இரவே சோதித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் வரும் இறங்கும் வேகம் செக்கனுக்கு 22 மெகாபிட், மனம் ஆறுதலடைந்தது. வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் ஏறும் வேகம் 1.4 மெகாபிட் என்று அதற்குக் கீழே காட்டியதை நான் பொருட்படுத்தவில்லை. இத்தனை வருடம் இத்தொழிலில் இருந்தும் அது என் பிழைதான். மறுநாள் முற்றம் நிறையச் சனம் வந்து, ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைபேசியும் அதே ரவரை, அதாவது அலைபரப்பும் கோபுரத்தை, பிடித்துக்கொள்ள, வாய்க்கரிசி போடும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. ரொறன்ரோவிலிருந்து மூத்த மகள் அழைத்து, "தம்பி, அம்மாவின்ர முகம் தெரியேல்லை" என்றார். நான் படத்தின் தரத்தை 480 வரிகளுக்குக் குறைத்து, ரவுட்டரைக் கழற்றி, கூரைக்கு மேலே தெரியும்படி ஒரு கம்பில் கட்டித் தூக்கிப்பிடிக்க ஒரு பையனை நிறுத்தி, மீண்டும் தொடங்குவதற்குள் சவப்பெட்டியை மூடிவிட்டார்கள்.

இறங்கும் வேகத்துக்கும் ஏறும் வேகத்துக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. வீட்டுப் பாவனைக்கென வரும் 4ஜி இணைப்புகளில் ஒரே அலைவரிசையை நேரத் துண்டுகளாக வெட்டி, பெரும்பங்கை இறக்கத்துக்கும் சிறுபங்கை ஏற்றத்துக்கும் ஒதுக்கும் முறை பரவலாக உள்ளது. அதோடு, ரவரின் அனுப்பும் வலு பெரியது. வீட்டு ரவுட்டரின் வலு மிகச் சிறியது. இடையில் நாலு கிலோமீற்றர் தூரமும் பாலை, வீரை என்று அடர்ந்த காடும் நின்றால் ரவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அதற்குக் கேட்காது. சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீரின் அளவைப் பார்த்து இவ்வளவு ஏக்கர்தான் என்று பங்கு வைப்பது எங்களுக்குப் பழகியது. ஆனால் அங்கே எத்தனை அடித் தண்ணீர் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத்தான் பங்கு வைப்பார்கள். இணையப் பொதிகளின் விளம்பரத்தில் ஏறும் வேகத்தை நுணுக்கெழுத்தில்கூடக் காண்பது அரிது.

இதற்கு நிலையான தீர்வு ஒளியிழை (பைபர்) இணைப்பு. பரவலாகப் பாவிக்கப்படும் ஒளியிழை முறையில் ஒரு இழை செக்கனுக்குக் கீழ்நோக்கி 2.5 கிகாபிட்டும் மேல்நோக்கி 1.25 கிகாபிட்டும் (ஒரு கிகாபிட் ஆயிரம் மெகாபிட்) சுமக்கிறது. அதை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்தாலும் ஏறும் பங்கு இப்போது கிடைப்பதை விடப் பல மடங்கு. இன்னொன்றையும் கடைக்காரன் என்ற முறையில் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் எரிந்துபோய் என்னிடம் வருபவற்றில் செப்புக் கம்பி வழியாக மின்னல் ஏறியவை ஏராளம். ஒளியிழை கண்ணாடியால் ஆனதால் அதற்குள்ளால் மின்னல் வராது. (ஆனாலும் மழை இருட்டும்போது மின்செருகியைக் கழற்றிவிடுங்கள்; சுவரில் இருக்கும் மின்சாரம் கண்ணாடி அல்ல.) கரண்ட் நின்றால் இணைப்பும் நிற்குமே என்று கேட்பார்கள். பத்து வாற்று அளவில் ஓடும் அந்தச் சிறிய பெட்டியை ஒரு 12 வோல்ற் பற்றரி சில மணி நேரம் தாங்கும்.

பிரதான வீதியோரத்துப் பட்டினங்களுக்கு ஒளியிழை வந்திருக்கிறது. உள்ளே மூன்று நான்கு கிலோமீற்றர் போனால் மின்கம்பம் இருக்கிறது, இழை இல்லை. விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைக்கும் பதில், அந்த ஒழுங்கையில் போதிய வீடுகள் இல்லை என்பது. 2025 ஜூலை 2 முதல் செய்மதி வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவை நாட்டில் கிடைக்கிறது. அதன் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுவதால், 35,786 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் பழைய வகைச் செய்மதிகளில் ஒரு கேள்விக்குப் பதில் வர அரைச் செக்கன் காத்திருந்த காலம் போய்விட்டது. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் அது நல்ல ஏற்பாடு. வீடு வீடாக அதை வைப்பதற்குக் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு எட்டாது. ஐம்பது வாற்றுக்கு மேல் அது இழுக்கும் மின்சாரமும், மறைப்பில்லாத வானம் தேடி வளவிலுள்ள மரங்களை வெட்ட நேர்வதும் தனி.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது சிறியது. தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு புதிய கருவியையோ இணையப் பொதியையோ அறிமுகப்படுத்தும்போது, அது மணிக்கு எத்தனை ஜி.பி. எடுக்கும், எத்தனை வாற்று மின்சாரம் இழுக்கும், ஏறும் வேகம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் சேர்த்து அச்சிடுங்கள். இணைய நிறுவனங்களிடம் தங்கள் நிருபர்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பு வரும்போது, ஒழுங்கையில் எத்தனை வீடு இருந்தால் இழை வரும் என்ற எண்ணையும் கேட்டு வெளியிடுங்கள். அந்த எண் தெரிந்தால் நாங்கள் வீடு வீடாகப் போய்க் கையொப்பம் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் இதுவரை பதினொரு வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். அம்மாவும், பொங்கலுக்கு முன்னால் இழை வந்தால் ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு நேரலையாகக் காட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைத் தனக்கு வேண்டாம், அவனையே மாட்டிக்கொள்ளச் சொல் என்கிறார்.

இங்ஙனம்,
தொழில்நுட்ப ஆர்வலர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.