ஐஸ்லாந்து: சிறைக்கதை பாதிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐஸ்லாந்து பற்றிய கட்டுரையைப் படித்தேன். வங்கி அதிபர்களைப் பிடித்து உள்ளே போட்டதால்தான் அந்த நாடு 2008 வங்கிச் சரிவிலிருந்து எழுந்தது என்று எழுதியிருந்தீர்கள். வாட்ஸப்பில் பல வருடமாகச் சுற்றும் கதையும் இதுதான். பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளியவன் நான். மீதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற அந்நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் விழுந்தன. மூன்று லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் நாடு. வங்கிகளின் சொத்துக் கணக்கோ நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் சுமார் பத்து மடங்கு. அரசு நினைத்திருந்தாலும் தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. அவசரச் சட்டம் போட்டு, உள்நாட்டு மக்களின் டெபாசிட்டைப் புதிய வங்கிகளுக்கு மாற்றினார்கள். வெளிநாட்டில் கடன் கொடுத்தவர்களைப் பழைய வங்கிகளோடு விட்டுவிட்டார்கள். பணம் நாட்டைவிட்டு ஓடாமல் நவம்பரில் கட்டுப்பாடு வந்தது. அது பெருமளவு விலக 2017 மார்ச் ஆயிற்று. சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பிடம் 210 கோடி டாலர் கடனும் வாங்கினார்கள். பெரிய வங்கியாளர்கள் சிறைக்குப் போனது இந்த நடவடிக்கைகளெல்லாம் தொடங்கிச் சில வருடம் கழித்துத்தான்.

சரி, சுமை யார் தலையில் விழுந்தது? அந்நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு ஏறக்குறைய பாதியானது. மீனும் அலுமினியமும் ஏற்றுமதி செய்தவர்கள் பிழைத்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் மலிவானது, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் வட்டி குறைவு என்று நம்பி ஜப்பானிய யென்னிலும் சுவிஸ் பிராங்கிலும் கணக்கிட்ட கார் கடனை வாங்கிய குடும்பங்களுக்கு, தவணை தவறாமல் கட்டியும் பாக்கி இரட்டிப்பானது. 2010 ஜூனில் அப்படிப்பட்ட கடன் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

வீட்டுக் கடன் கதை இன்னும் கொடுமை. அங்கே அப்போது பெரும்பாலான வீட்டுக் கடன்கள் விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டவை. விலைவாசி ஏறினால் அசலே ஏறும். மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் வருடக் கடைசியில் கணக்கைப் பார்க்கிறார்: போன வருடத்தைவிட அசல் கூடியிருக்கிறது. கவுன்ட்டரில் நின்று இதை அவருக்கு விளக்கச் சொன்னால் எனக்கு நா எழாது. 2009 ஜனவரியில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் நாடாளுமன்றத்துக்கு எதிரே, அந்தக் குளிரில், சட்டியும் கரண்டியுமாக நின்று தட்டிய ஜனங்களின் கோபம் எனக்கு முழுதாகப் புரிகிறது. 2014இல் அரசு இந்தக் கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது. ஆனால் குறியீட்டுக் கடன் முறை ஒழியவில்லை, இன்றும் இருக்கிறது.

கட்டுரையாளர் ஐஸ்லாந்து பற்றி மறுபடியும் எழுதினால், தனிநபர் வருமானத்தோடு நிறுத்திவிடாமல் அந்த அசல் கணக்கையும் தயவுசெய்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருச்சி.