பகுதிநேர வேலையும் பரவிய கிருமியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தொற்றுத் தடுப்புப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். ஊழியர்கள் ஒழுங்காகக் கை கழுவாததால்தான் 2020 இல் கொரோனா அப்படிப் பரவியது என்று அதில் ஒரு வரி இருந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் 14 வருடமாக இந்தப் பராமரிப்பு வேலை செய்கிறவள் நான். அந்த வரியை வாசித்த பிறகு இரவு நித்திரை வரவில்லை.

2020 மார்ச்சில் எனக்கு இரண்டு இல்லங்களில் வேலை. காலை 7 முதல் 3 மணி வரை ஒன்றில். பிறகு பஸ் பிடித்துப் போய் 4 முதல் இரவு 10 மணி வரை மற்றதில். இரண்டும் பகுதிநேரம். முழுநேரமாக எடுத்தால் சுகவீன விடுப்பும் மருத்துவக் காப்புறுதியும் கொடுக்க வேண்டிவரும் என்று இரண்டு இடத்திலும் எடுக்கவில்லை. என்னோடு நின்ற தமிழ்ப் பெண்கள், பிலிப்பீன்ஸ் பெண்கள் பலருக்கும் இதே கதைதான். காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை.

ஓர் ஊழியருக்கு ஒரே இல்லம் என்று பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மார்ச் கடைசியிலேயே உத்தரவிட்டது. ஒன்ராறியோவில் அது ஏப்ரல் 22 இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட வாரங்களில் நான் அங்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். இருமலோ காய்ச்சலோ இல்லாத என்னை யாரும் சோதிக்கவில்லை. நான்தான் கொண்டுபோனேனா? இந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

நான் காலையில் பார்த்தது நாலு கட்டில் அறை. கட்டில்களுக்கு நடுவே திரைச்சீலை, நாலு பேருக்கும் ஒரு கழிவறை. தனிமைப்படுத்தச் சொன்னார்கள். திரையை இழுத்துவிட்டோம், அவ்வளவுதான் முடிந்தது. அங்கே மறதி நோய் வந்த ஒரு தமிழ் அம்மா இருந்தார். ஆங்கிலம் எல்லாம் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. நாளுக்குப் பத்துத் தரம் எழும்பிப் போய் மற்றவர்களுக்குப் போர்வை இழுத்து மூடிவிடுவார். தன் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. முகக்கவசத்தோடு என்னைக் கண்டால் "ஆர் நீ?" என்று பயப்படுவார். என் குரலைக் கேட்ட பிறகுதான் கையைத் தருவார். ஏப்ரல் முடிவதற்குள் அந்த அறையில் மூன்று கட்டில்கள் வெறுமையாகின. அந்த அம்மாவின் கட்டிலும் ஒன்று.

எங்களுக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரு முகக்கவசம்; மிச்சம் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது. கை கழுவ வேண்டிய 'நான்கு தருணங்கள்' எங்களுக்கு மனப்பாடம். காலைச் சாப்பாட்டுக்கு முன் பத்துப் பேரை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்ற வேண்டும். ஒவ்வொருவருக்கும் மேலங்கி போட்டுக் கழற்றி, கையுறை மாற்றி, கை கழுவ மூன்று நிமிடம் வைத்தாலும் அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலத்தை எங்களுக்கு யாரும் தரவில்லை.

இந்த மாகாணத்து இல்லங்களில் 2021 ஏப்ரலுக்குள் கிட்டத்தட்ட 4,000 முதியவர்களும் 11 ஊழியர்களும் இறந்தார்கள். அதன் பிறகு சில நல்லது நடந்தது. ஒவ்வொரு இல்லத்திலும் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் இல்லத்தில் இருப்பவர் திறமானவர். ஆனால் ஒரே இல்ல உத்தரவு போய்விட்டது. 2021 இல் தந்த மூன்று நாள் சம்பள விடுப்பையும் 2023 மார்ச் 31 உடன் நிறுத்திவிட்டார்கள். என்னோடு வேலை செய்யும் ஓர் இளம் பெண் இப்போது இரண்டு இடம் ஓடுகிறாள். பனிக்காலத்தில் ஒரு நாள் இருமிக்கொண்டு வந்தாள். "வீட்ட போ பிள்ளை" என்றேன். "வாடகை ஆர் அக்கா கட்டுறது?" என்றாள்.

உங்கள் வாசகர்கள் பலரின் அம்மா, அப்பா இப்படியான இல்லங்களில் இருக்கிறார்கள். குடும்பத்தினர் கூட்டங்களில் சாப்பாட்டைப் பற்றியும் தொலைந்துபோன உடுப்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். இதையும் கேளுங்கள்: என் அம்மாவைக் குளிப்பாட்டுகிறவர் வேறு எத்தனை இல்லங்களில் வேலை செய்கிறார்? அவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் கேட்டால் அடுத்த கிழமை எங்களுக்கு மணித்தியாலம் குறையும்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பு ஊழியர்,
ஸ்காபரோ.
(பெயரை வெளியிட வேண்டாம்.)