சிறுநீருக்குக் கணக்கு உண்டு, சோற்றுக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

என் அப்பாவுக்கு வயது 72. சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி. மூச்சுத்திணறல் முற்றிப்போய் இங்கே பினாங்கில் ஒரு மருத்துவமனையில் 9 நாள் இருந்தார். நெபுலைசர், ஆக்சிஜன், மருந்து எதிலும் குறை சொல்ல மாட்டேன். தாதியர் ஓடி ஓடிப் பார்த்தார்கள். என் மனத்தாங்கல் சாப்பாட்டில்தான்.

ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றினால்தான் சாப்பிட முடியும். கழற்றினால் நாலாவது வாய்க்கே மூச்சு வாங்கும். கரண்டியை வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்வார். அதற்குள் சோறு ஆறிவிடும், தட்டையும் எடுத்துப் போய்விடுவார்கள். பல்செட்டு டிஷ்யூவில் சுற்றியபடி அலமாரியில் கிடந்ததை நானே மூன்றாம் நாள்தான் பார்த்தேன். சிறுநீர் எத்தனை மில்லி என்று எழுதினார்கள். எத்தனை வாய் சாப்பிட்டார் என்று எழுத ஆளில்லை.

நாங்கள் வற்புறுத்திக் கேட்டபிறகு உணவியல் நிபுணர் வந்தார். சின்னப் பெண். டாக்டரிடம் பேசி, சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் முகமூடிக்குப் பதிலாக மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைக்கச் செய்தார். காற்று அடைபட்டு உப்பிய நுரையீரல் வயிற்றை அழுத்துவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுமாம். மூச்சு விடுவதற்கே அதிகச் சக்தியும் செலவாகுமாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொன்னார்.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. முட்டை, தயிர், வாழைப்பழம் எல்லாம் சளி என்று அத்தை பத்தியம் போட்டு, ரசச்சோறும் கஞ்சியுமாக ஓட்டினோம். இப்படிப்பட்டவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமாம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் கணக்கு வேறு). ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ரசத்தில் என்ன இருக்கிறது?

2016-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை என் மகன் காட்டினான். இதய, நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் சேர்ந்த, சத்துக்குறைவான, 65 வயதைத் தாண்டிய 652 பேர். புரதம் மிகுந்த சத்துப் பானம் குடித்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 4.8 விழுக்காடு, மற்றவர்களில் 9.7. பானம் தயாரிக்கும் நிறுவனமே செலவு செய்த ஆய்வு அது. மறுபடி மருத்துவமனைக்கு வருவதும் அதனால் குறையவில்லை. ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய கணக்கு இல்லை.

மருத்துவமனை நிர்வாகங்களை நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. சேர்க்கும் அன்றே எடை பாருங்கள். சில மாதங்களில் எவ்வளவு இளைத்தார் என்று வீட்டாரைக் கேளுங்கள். தட்டைத் திருப்பி எடுக்கும்போது பாதியா, காலா என்று குறியுங்கள். மாலைச் சாப்பாட்டுக்கும் காலைப் பசியாறலுக்கும் நடுவே ஒரு டம்ளர் பாலாவது கொடுங்கள்.

அந்தப் பெண் எடை கேட்டபோது கோப்பில் இல்லை, அப்பாவால் நிற்கவும் முடியவில்லை. 50 கிலோ இருக்கும் என்று ஞாபகத்தில் சொன்னேன். வீட்டுக்குக் கிளம்பும் அன்று நானே கேட்டு, சக்கர நாற்காலியிலிருந்து கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்திப் பார்த்தோம். 43.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு.